எழுந்து நிற்கக் கூடாத இடம்

எங்கள் டேமில் அன்னப்பறவைகள் வந்து இறங்கிய பிறகுதான் ஊரில் மரியாதையைப் பற்றிப் பேச்சே கிளம்பியது. உயிருள்ள அன்னம் என்று நினைத்துவிட வேண்டாம். பைபர் அன்னம். இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்தால் நகரும். பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பைஸர் நானா அவற்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே துடுப்புப் போடுகிற சின்னப் படகுகளும் வாங்கி, தண்ணி ஓரத்தில் பலகை அடித்து ஒரு துறை கட்டி, தகரக் கொட்டகையும் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் கொழும்பு வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்.

நான் அந்தத் துறைக்குப் பக்கத்தில் அவித்த சோளம் விற்கிறேன். சோளம் ஒரு சாக்கு, அவள் அங்கே உட்காருவது வேடிக்கை பார்க்கத்தான் என்று எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சொல்லிக்கொள்கிறார்கள். இருக்கட்டும். கண் இருக்கிறது, பார்க்கிறேன்.

பார்ப்பதற்குக் குறைச்சலும் இல்லை. கல்யாணமாகி வாரம் ஆகாத சோடிகள் இரண்டு அன்னங்களில் எதிரெதிரே வந்து, யார் விலகுவது என்று தெரியாமல் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு, கரைக்கு வந்து சண்டை போடும். வெளியூர்ப் பையன்கள் துடுப்பால் தண்ணியை வாரி, பக்கத்துப் படகில் குழந்தையோடு இருப்பவர்கள் மேல் அடித்துவிட்டு, ஏசினால் சிரிப்பார்கள். பைஸர் நானா பாவம், படகில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைப் பாடுவார். சின்னப் படகுக்குப் பெரிய படகு வழி விட வேண்டும். மோட்டர் படகுக்காரர் சின்னப் படகைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மிதக்கிற ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. எழுந்து நிற்கக் கூடாது. ஏறுகிறவர்கள் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்கிற மாதிரி தலையாட்டிவிட்டுப் படம் எடுக்கத் தொடங்குவார்கள்.

அந்தப் பாட்டை அட்சரம் தவறாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற துரைதான். பங்களாவுக்குக் கீழே அவருக்குச் சொந்தமாக ஒரு மோட்டர் படகு உண்டு. சின்ன வயது, சிங்களவர், நல்ல மாதிரி. தமிழில் ‘கொஞ்சம் கொஞ்சம் தெரியும்’ என்பதை மட்டும் திருத்தமாகச் சொல்வார். ஜீப்பில் வரும்போது எப்படியோ, தண்ணியில் அவரைக் குறை சொல்ல முடியாது. அன்னத்தைக் கண்டால் மோட்டரை இறக்கி, ஒரு கையைத் தூக்கிக் காட்டி, பூனை நடக்கிற மாதிரி கடந்து போவார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வீரய்யா அண்ணனிடம் வருகிறேன்.

எங்கள் லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்தது அவருடையது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் கங்காணியாக இருந்து, வயதாகி நின்றுவிட்டவர். வேலை அவரை விட்டது, பழக்கம் விடவில்லை. மேல் வளைவில் துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே போதும், வாயில் போட்ட சோற்றை விழுங்காமல் எழுந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நிற்பார். ஜீப் வேகமாகப் போய்விட்டால் நல்லது. பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தால் துரை ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். அப்போது இரண்டு எட்டு முன்னால் வைத்து, தலையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். இது எங்கள் தோட்டத்தில் யாரும் சொல்லிக்கொடுத்துப் படித்ததில்லை. எத்தனையோ துரைமார் வந்து போனார்கள், அத்தனை பேருக்கும் அண்ணன் இப்படியே நின்றார்.

ஒருமுறை துரை இல்லாமல், அவருடைய நாயை மட்டும் டிரைவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனான். பள்ளத்துக்காக வேகத்தைக் குறைத்தான். அண்ணன் இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டார். அவர் மனைவி ராசம்மாக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “என்னாங்க, நாயி ஒன்னும் கேக்கலியா உங்கள?” என்றாள். லயம் முழுக்க ஒரு மாதம் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். மறுநாள் ஜீப் வந்தது, எழுந்து நின்றார்.

இவர்களுக்கு ஒரே மகள், தனுஜா. கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை. படித்த பிள்ளை, அப்பா ஜீப்புக்கு எழுந்து நிற்பதைப் பார்த்தால் முகம் கறுத்து உள்ளே போய்விடுவாள். ஆனால் அப்பா மேல் உயிர். சித்திரை வருசப் பிறப்புக்கு வந்தவள் அம்மாவுக்கு நீலத்தில் மஞ்சள் கரை வைத்த சேலை ஒன்று கொண்டுவந்தாள். கூடவே பைஸர் நானாவிடம் ஒரு படகுக்கும் சொல்லி வைத்துவிட்டாள். இந்தத் தண்ணியைப் பார்த்தபடியே ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த அம்மா, ஒரு நாளாவது தண்ணியில் உட்கார்ந்து தன் மலையைப் பார்க்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் வாலிபத்தில் அக்கரைக்கு வள்ளம் தள்ளியவர், துடுப்புப் பிடிக்கத் தெரியும். பைஸர் நானாவும் சரி என்றார். மகள் கூடப் போகவில்லை. சோடியாகப் போய் வாருங்கள் என்று கரையில் நின்றுகொண்டாள்.

துறையில் நடந்த கூத்தை என் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து முழுதாகப் பார்த்தேன். மிதக்கிற ஜாக்கெட்டை மகள் மாட்டிவிட, ராசம்மாக்கா நெளிந்தாள். போட்டிருக்கிற ஜாக்கெட்டுக்கு மேல் இன்னொரு ஜாக்கெட்டா, புதுச் சேலையின் கரை தெரியவில்லையே என்று புலம்பினாள். மகள் வார்களை இழுத்துப் பூட்டினாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“அப்பா, உங்களுக்குத்தான் சொல்றேன். யார கண்டாலும் போட்டுல எந்திரிக்கக் கூடாது. தொர என்ன, சாமியே வந்தாலும்.”

“எனக்குத் தெரியாதாம்மா? நான் வள்ளத்துல போகாதவனா?”

படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனபின் ராசம்மாக்கா என் பக்கம் திரும்பி, ஒரு சோளம் எடுத்து வை, மிளகாய்த்தூள் கூடப் போடு, வந்து தின்கிறேன் என்று சத்தம் போட்டாள். நல்ல இளஞ்சோளமாகப் பார்த்து ஒன்றை ஒதுக்கி, இலையில் சுற்றி அடுப்போரம் வைத்தேன்.

டர்பன்டைன் மரங்கள் நிற்கும் முனையைத் தாண்டினால் துறையிலிருந்து படகு தெரியாது. அவர்கள் தாண்டினார்கள். சற்றுப் பொறுத்து முனைக்கு அந்தப் பக்கம் மோட்டர் சத்தம் கேட்டது. கேட்ட சத்தம் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. பிறகு ஒரு ஆள் சிங்களத்தில் கத்துவது கேட்டது.

துரையின் படகு திரும்பி வரும்போது அதில் வீரய்யா அண்ணன் குப்புறக் கிடந்தார். துரை உடுத்த உடுப்போடு தண்ணிக்குள் குதித்து அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து ஏற்றியிருக்கிறார். துரைக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப முனைப் பக்கம் கையைக் காட்டினார். ராசம்மாக்காவின் ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்து வந்தது. அவள் மறுநாள் கிடைத்தாள். நீலச் சேலையின் மஞ்சள் கரை நாணலில் மாட்டியிருந்தது.

சாவு வீட்டில் அண்ணன் சொன்னது இரண்டே வார்த்தை. துரையின் படகு வேகமாக வந்தது, அலை அடித்துக் கவிழ்ந்தது. பொலீஸிடமும் அதையேதான் சொன்னார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திறக்க அவசியமும் இல்லை, மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. அந்த மோட்டர் சத்தத்தைத் துறையில் இருந்த எத்தனையோ பேர் கேட்டோம். ஆனால் சாவு வீட்டில் அது ஆளுக்கு ஆள் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. சத்தம் குறைந்துதானே நின்றது என்று நான் சொன்னேன். சோளக்காரிக்கு மோட்டரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். பங்களா சமையல்காரர், வீரய்யா அண்ணன் எழுந்து நின்றதால்தான் கவிழ்ந்தது என்று துரை சொல்வதாகச் சொல்லி, அடிவாங்கப் பார்த்தார். இத்தனை வருசத்தில் முதல் தடவையாகத் துரை மேல் பழி போடச் சரியான காரணம் கிடைத்திருக்கிறது, அதை யார் விடுவார்கள்?

தனுஜா மட்டும் ஊர் சொல்வதைக் கேட்கவில்லை. அப்பா சொல்வதைத்தான் கேட்டாள். லயத்துச் சுவர் மெல்லிசு. கருமாதி முடிந்த அன்று சாயந்தரம் அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“அப்பா, ஒன்னே ஒன்னு. நீங்க எந்திரிக்கலதானே?”

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு அண்ணன், “இல்லம்மா” என்றார்.

“அது போதும். படகுக்குச் சொன்னது நான்தான், அதையே என்னால தாங்க முடியல. நீங்க எந்திரிச்சு அம்மா செத்திருந்தா, உங்க மொகத்துல நான் முழிச்சிருக்க மாட்டேன்பா.”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அண்ணன் அழுத சத்தம் கேட்கவில்லை. அவரைப் பார்க்க எனக்கு இஞ்சி கேட்கிற சாக்கு ஒன்று வேண்டியிருந்தது, போனேன். மகளின் தலை அவர் மடியில் கிடந்தது. அவர் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சி இல்லை என்று சுவரிடமே சொன்னார்.

அதற்குப் பிறகு தொழிற்சங்கத் தலைவர் யோகேஸ்வரன் உள்ளே இறங்கினார். வழக்குப் போட வேண்டும், துரையை மாற்ற வேண்டும், மோட்டர் படகைத் தண்ணியிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். தனுஜா லீவு நீட்டிக்கொண்டு அவருடன் ஹட்டனுக்கும் தோட்ட ஆபீசுக்கும் அலைந்தாள். எல்லாவற்றுக்கும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். சாட்சி அவர்தானே. அவரும் போனார். கேட்டால் அதே இரண்டு வார்த்தை. பார்த்தவர்கள், மகள் அப்பாவை இப்படித் தாங்குகிறாளே என்று பெருமூச்சு விட்டார்கள். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் அண்ணன் சட்டென்று வீட்டுக்குள் போய்விடுவதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வழக்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒருமுறை பேசிப் பார்க்கட்டும் என்று பொலீஸ் சார்ஜன்ட் சொன்னதால், பைஸர் நானாவின் தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். படகு ஓட்டுகிறவர்கள், லயத்து ஆட்கள், சங்கத்து ஆட்கள் என்று கொட்டகை நிரம்பிவிட்டது. மழை வேறு. முன் வரிசையில் வீரய்யா அண்ணன், பக்கத்தில் மகள். எனக்கு இடமில்லாமல் தூணோரம் நின்றேன். நின்றால்தான் நன்றாகத் தெரியும்.

துரை வருவதற்கு முன் யோகேஸ்வரன் ஒரு பிரசங்கம் வைத்தார். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எழுந்து நின்று கால் வலித்துப் போயிற்று, இன்றைக்கு அந்த ஆள் உள்ளே வரும்போது ஒரு மனுசன் எழுந்திருக்கக் கூடாது, இந்த மௌனம்தான் நம் முதல் வெற்றி என்றார். கைதட்டினார்கள். துரைக்கென்று போட்டிருந்த நாற்காலியில் தூசி இருந்தது. தலைவர் பேசிக்கொண்டே அதைத் தன் கைக்குட்டையால் துடைத்ததை நான் பார்த்தேன். சரி, அது அவர் பழக்கம்.

தனுஜா அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

துரை தனியாக நடந்து வந்தார். வாசலில் குடையை மடக்கினார். உள்ளே ஒருவரும் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி, நடையைக் குறைத்தார். குறைத்த இடம் வீரய்யா அண்ணனுக்கு நேரே.

அண்ணன் எழுந்தார்.

எழுந்தது அவருக்கே தெரிந்திருக்காது. தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிற்று. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இரண்டு எட்டு முன்னால் வைத்து, தலையைத் தாழ்த்தி நின்றார். அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நின்றார்.

தனுஜா அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். கோபமாகக்கூட இல்லை. அவமானமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

“உக்காருங்கப்பா.”

அண்ணன் திரும்பவில்லை. நின்றபடியே, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார்.

“உங்கம்மாவும் அதத்தான் சொன்னா.”

தனுஜாவின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சட்டையை விட்டன. விட்ட கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார், நின்றுகொண்டே சொன்னார். முனையைத் தாண்டியதும் ராசம்மாக்கா பலகை ஈரமாக இருக்கிறது, புதுச் சேலை கறைபட்டுவிடும் என்று ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாளாம். அங்கிருந்து மலையைப் பார்த்து, நான் பறித்த மலை இவ்வளவு செங்குத்தா, கீழே விழாமல் எப்படி நின்றேன் என்று சிரித்தாளாம். அப்போது துரையின் படகு வந்தது. வந்த படகு பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது. துரை கையைத் தூக்கினார். துரை வேகத்தைக் குறைத்தால் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். அண்ணன் எழுந்துவிட்டார். தண்ணியில் இருக்கிறோம் என்பது எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம்.

துரைக்குத் தமிழ் புரிந்ததா தெரியாது. பைஸர் நானா சிங்களத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரும் பேசினார். அதையும் நானாதான் தமிழில் சொன்னார். சின்னப் படகைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டுமாம். பக்கத்தில் வந்து சட்டென்று குறைத்தால், படகுக்குப் பின்னால் துரத்தி வருகிற அலை முந்திக்கொண்டு வந்து சின்னப் படகைத் தூக்கிவிடுமாம். வளைவில் அவர்களைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தாராம், மரியாதை என்று நினைத்துக் குறைத்தது தன் பிழை என்றார். யோகேஸ்வரன் துள்ளி எழுந்து, பார்த்தீர்களா ஒத்துக்கொண்டார் என்று கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை.

ஒருத்தர் எழுந்தார், ஒருத்தர் குறைத்தார். இரண்டுமே மரியாதை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி செத்துப் போனாள். இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

தனுஜா ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அம்மா எத்தனை தரம் சொன்னாங்க?”

“ஒரு தரந்தாம்மா. ரெண்டாவது தரம் சொல்லும்போது வாயில தண்ணி.”

அவள் எழுந்து மழைக்குள் போனாள். மறுநாள் காலை பொகவந்தலாவையிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அண்ணன் அவளுடைய பையை ரோடு வரை தூக்கிக்கொண்டு வந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். போய்ட்டு வர்றேன் என்று சொன்னாளா என்று நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சொல்லவில்லை.

வழக்கு நின்றது. பைஸர் நானா முனையில் மஞ்சள் மிதவைகள் கட்டினார், அதைத் தாண்டி மோட்டர் ஓட்டக் கூடாது என்று. ஜாக்கெட்டின் வாரைப் பூட்டுப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் யாரையும் ஏற்றுவதில்லை. அன்னத்தில் வருகிற சோடிகள் இப்போதும் முட்டிக்கொள்கிறார்கள், ஆனால் யாராவது படகில் லேசாக இடுப்பை உயர்த்தினாலும் கரையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் உட்காரச் சொல்கிறோம். கொழும்பு ஆட்களுக்கு ஒன்றும் புரியாது. இந்த ஊர்க்காரர்கள் முரடர்கள் என்று போய்ச் சொல்வார்கள்.

தனுஜா என் போனுக்குத்தான் கோல் எடுப்பாள். கேட்பது ஒரே கேள்வி, அப்பா சாப்பிட்டாரா. எந்தச் செய்தியையும் கொஞ்சம் உப்புப் புளி போடாமல் கொண்டுபோய்ச் சேர்த்த பழக்கம் எனக்கில்லை. இதில் மட்டும் எதைப் போடுவது? போய், சாப்பிட்டீங்களான்னு கேக்குறா என்பேன். வேற என்னம்மா சொன்னா என்பார். வேறொன்றும் இல்லை. சாப்பிட்டேன்னு சொல்லு என்பார். அடுப்பு பற்றவைக்காத வீட்டிலிருந்து சொல்வார்.

ஜீப் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்துகொள்கிறார். வெளியே வருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் போகிற வரை நிற்கிறார். சுவரின் வெடிப்பு வழியாகப் பார்த்தவள் சொல்கிறேன். முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வெடிப்பில் துணியை அடைத்துவிட்டேன்.

வருச திவசத்துக்குத் தனுஜா வந்தாள். முனைக்கு அந்தப் பக்கம் பூப்போட வேண்டும் என்றாள். பைஸர் நானா தானே துடுப்புப் போடுகிறேன் என்று வந்தார். பூக்கூடையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா என்று நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. நாலு பேரும் ஜாக்கெட் போட்டு, வார் இழுத்துப் பூட்டியிருந்தோம். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் அவருடைய வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

பூவைப் போட்டோம். கூடையின் அடியில் இலையில் சுற்றி ஒரு அவித்த சோளம் வைத்திருந்தேன், மிளகாய்த்தூள் கூடப் போட்டது. அதையும் விட்டேன். தனுஜா பார்த்தாள்.

திரும்பும்போது வெகு தூரத்தில் துரையின் படகு. மிதவைகளுக்கும் அப்பால், கைக்குள் அடங்குகிற அளவில் தெரிந்தது. எங்களைக் கண்டதும் அங்கேயே மோட்டரை நிறுத்திவிட்டார். அலை எங்களிடம் வந்து சேரும்போது அலையாகவே இல்லை. துரை உட்கார்ந்தபடியே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வீரய்யா அண்ணனின் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. துண்டு இல்லாத தோளில் கை துழாவிற்று. பைஸர் நானா துடுப்பை அப்படியே தண்ணியில் பிடித்துக்கொண்டார்.

தனுஜா குனிந்து, இரண்டு கைகளையும் அவருடைய முழங்கால்கள் மேல் வைத்து அழுத்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கால்களைத்தான் பார்த்தாள். துரையின் படகு பின்னால் மறைகிற வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. துறை வரைக்கும் அந்தக் கைகள் அங்கேயே இருந்தன. நான் என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன்.

படகு துறைப் பலகையில் இடித்தது. தனுஜா கையை எடுத்துக்கொண்டாள். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியேறினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அண்ணன் படகில் தான் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பக்கம், மகள் இருந்த இடத்தைப் பார்த்துக் கேட்டார்.

“கரை வந்திருச்சா? எந்திரிக்கலாமாம்மா?”

அவள் அதற்குள் ரோட்டுக்குப் போய்விட்டாள். எந்திரிங்கண்ணே, கரை வந்துருச்சு என்று பைஸர் நானா சொன்னார். நானும் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. மேலே பஸ் நின்றது, ஏற்றியது, கிளம்பியது. வளைவுகளில் அதன் சத்தம் குறைந்து குறைந்து இல்லாமல் போகிற வரைக்கும், கரையில் கட்டிய படகில் அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.